சுவரில் வந்த வாத்துகள்

தஞ்சாவூரில் ஓர் அருங்காட்சியகத்துக்காக நானும் என் தோழியும் ஒரு வட்ட மேசையை வடிவமைத்தோம். அதில் நான்கு பெரிய பொத்தான்கள். ஒன்றைத் தட்டினால் ஒரு வாத்தியம் ஒலிக்கும், எதிர்ச்சுவரில் ஒரு நிறம் விரியும். நான்கு பேர் சேர்ந்து தட்டினால்தான் பாட்டும் படமும் முழுசாகும்.

ஒருவரே மேசையைப் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது? பட்டுக்கோட்டைக்காரியான தோழி, அறுத்த வயலில் மேயும் வாத்துகளின் கத்தலைப் பதிவு செய்து கொண்டுவந்தாள். ஒருவர் தனியாகத் தட்டிக்கொண்டே இருந்தால், சுவரில் விரிந்த படத்தை ஒரு வாத்துக்கூட்டம் வந்து கத்திக்கொண்டே மிதித்து அழித்துவிடும்படி செய்தோம். அருங்காட்சியக அதிகாரியிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

திறந்த அன்றே, திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் முடித்த கையோடு ஒரு குடும்பம் வந்தது. கழுத்தில் மாலையோடு இருந்த பெரியவர் யாருக்கும் இடம் கொடுக்காமல் தட்டித் தள்ளினார். வாத்துகள் வந்தன.

"நான் சொன்னாத்தான் கேக்க மாட்டீங்க. வாத்து சொன்னாலாவது கேளுங்க," என்றார் அவர் மனைவி.

பெரியவர் கையை எடுத்தார். உடனே அந்த அம்மா தனியாகத் தட்ட ஆரம்பித்தார்.

"நீ என்ன பண்றே?"

"எனக்கும் வாத்து வரட்டுங்க."

பிறகு மொத்தக் குடும்பமும் வாத்துக்காக வரிசையில் நின்றது. நாங்கள் தண்டனையாக வைத்ததை அவர்கள் பரிசாக எடுத்துக்கொண்டார்கள். தோழி தூணுக்குப் பின்னால் போய்ச் சிரித்தாள்.

மறுநாளே மாற்றிவிட்டோம். நான்கு பேர் சேர்ந்து தட்டினால்தான் வாத்து வரும். இப்போது முன்பின் தெரியாதவர்களைக்கூட, "சார், ஒரு ஆள் குறையுது, கொஞ்சம் வாங்க," என்று கூப்பிடுகிறார்கள். அதிகாரிதான் பாட்டுக்கு நடுவே வாத்து எதற்கு என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.