அன்னாசி ஜாடியின் மூச்சு

என் அண்ணா ராமபத்ரன் மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கம்பெனியில் குமாஸ்தா. பூண்டுகூடச் சேர்க்காத மனுஷன். அவன் வைன் போடப் படித்தான் என்றால் யார் நம்புவார்கள்? அனுப்பி வைத்தவள் அவனோடு அந்த வீட்டிலேயே இருக்கிற தங்கை ஜெயலக்ஷ்மி, அதாவது நான்தான். எல்லாம் என் தலையெழுத்து.

எழுபத்தொன்பதாம் வருஷம் மாசியில் மன்னி கங்கா மூச்சிழுப்பு நோயில் போய்விட்டாள். கடைசி மூச்சின்போது பக்கத்தில் நான் இருந்தேன். எறணாகுளத்துக்கு மருந்து வாங்கப் போன அண்ணா திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து அவளுடைய வெறும் கட்டிலைப் பார்த்தபடி ஒரே கேள்வி.

"கடைசில மூச்சு எப்படி நின்னது ஜெயா? மெல்லவா, சட்டுனா?"

அழுதுகொண்டிருந்தவளுக்கு எது நினைவிருக்கும்?

வேனலில் பல்கலைக்கழகம் கோடைக்கால வகுப்பு நடத்தியது. சுற்றுச்சூழல் அறிவியல், இயற்கைப் புகைப்படம், பழ வைன் என்று மூன்று. கும்பளங்கிப் பக்கம் போய்க் கொக்கையும் நாரையையும் படம் பிடித்தால் மனசு தேறுமே என்று புகைப்படத்துக்கு அவன் பெயரைக் கொடுத்தேன். அதில் இடம் தீர்ந்துபோய், ஆளே சேராத வைன் வகுப்பில் அவனைத் தள்ளிவிட்டார்கள்.

"படிக்கத்தானே போறேன், குடிக்கவா போறேன்" என்று கிளம்பிவிட்டான்.

ஒரு நாள் அன்னாசிச் சாறும் சர்க்கரையும் ஈஸ்டும் கலந்த கண்ணாடி ஜாடியோடு வந்து நின்றான். வீட்டில் வைத்திருந்து, நுரைத்து அடங்கியதும் திருப்பிக் கொண்டுபோகவேண்டுமாம். மூடியிலிருந்து ஒரு குழாய் தண்ணீர் டம்ளருக்குள் இறங்கியது. வேறு இடமே இல்லாத மாதிரி அதை மன்னியின் கட்டிலோரம் வைத்தான்.

மறுநாள் மத்தியானம் ஜாடி மூச்சுவிடத் தொடங்கியது. ஒரு சீறல், பிறகு களக் என்று ஒரு சத்தம். கொஞ்சம் நின்று மறுபடியும் சீறல். அசல் மன்னியின் இழுப்பு. என் கையிலிருந்த அப்பளம் கீழே விழுந்தது.

"அந்த எழவை வெளில முத்தத்துல கொண்டு வை அண்ணா."

"அவளுக்குக் குளிர்காத்து ஆகாதுன்னு தெரியாதா உனக்கு?" என்றான், சாதாரணமாக.

அண்ணா வேலைக்குப் போவது நின்றது. சத்தம் தளர்ந்தால் உடனே சர்க்கரை போடுவான். ரேஷன் சர்க்கரை முழுக்க அதற்கே போய், காப்பிக்கு வெல்லம் என்றாயிற்று. கூச்சல் போட்டுச் சண்டை பிடித்து, சர்க்கரை டப்பாவை ஒளித்து வைத்தேன். அன்று சாயங்காலம் ஒரு களக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. அண்ணா என் முகத்தையே பார்த்தான். பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை. நானே டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

வகுப்பு முடிந்தும் ஜாடி வரவில்லை என்று பிலோமினா டீச்சர் வீடு தேடி வந்தார்.

"சாரே, ருசிச்சு நோக்கலியா? மதுரம் தீர்ந்தா நிறுத்தணும்னு சொன்னேனே."

"எங்காத்துல ஸ்வாமிக்குக் காட்டாம எதையும் ருசி பாக்கறதில்லை. இதைக் கொண்டுபோய் ஸ்வாமிக்கு எப்படிக் காட்டறது?"

டீச்சர் சிரிக்கவில்லை. ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "லஹரி, போதை, ரொம்ப ஏறிப்போச்சு. இதுல ஈஸ்ட் இனி அதிக நாள் உயிரோட இருக்காது. எத்தனை சர்க்கரை போட்டாலும் காரியமில்லை."

அண்ணா தலையாட்டினான். அடங்கியதும் ஜாடியை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு டீச்சர் போனார். அதற்குப் பிறகு சர்க்கரை கேட்கவில்லை. ஜாடிமேல் ஒரு கையை வைத்தபடி உட்கார்ந்துவிட்டான். சோற்றை நான் அங்கேயே கொண்டுபோய் வைத்தேன்.

மழை பிடித்த ஒரு நாள் மத்தியானம், "ஜெயா, வா" என்று கூப்பிட்டான். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சீறல் வந்தது. களக் வரவில்லை. காத்திருந்தோம். மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"மெல்லத்தான்" என்றான்.

எழுந்து கிணற்றடிக்குப் போய், அந்த மழையிலும் வாளி வாளியாகத் தலையில் கொட்டிக்கொண்டான். ஈரம் சொட்ட வந்து, "நீயும் முழுகிட்டு வா" என்றான். போய் முழுகினேன்.

மறுநாள் வேலைக்குக் கிளம்பினான். இப்போது நன்றாகச் சாப்பிடுகிறான், தூங்குகிறான். ஜாடியை டீச்சர் எடுத்துப்போய் எத்தனையோ காலமாகிறது. நான்தான் அந்த அறையைத் தாண்டும்போது நின்று காது கொடுக்கிறேன். சில மத்தியானங்களில் குனிந்து பார்த்தால், சர்க்கரை டப்பா என் கையில் இருக்கிறது.