வயலின் மூச்சை அளக்க வந்த பெட்டி

பிள்ளைகளே, நம் குத்தகை வயலில் ஒரு கார் நெல் போகம் பூராவும் கண்ணாடி போன்ற ஒரு பெட்டி நின்றது. தொண்ணூறுகளின் நடுவில். நீங்கள் ஒருத்தர் தொட்டிலில், ஒருத்தர் தத்தி நடந்துகொண்டு. நான் வீம்பு பிடித்து ஒரு நல்ல திட்டத்தைக் கெடுத்துவிட்டேன் என்று ஊரில் சிலர் இன்னமும் சொல்கிறார்கள். உங்கள் காதிலும் விழுந்திருக்கும். வீம்புதான். இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே, ஆற்றிலிருந்து பிரிந்து வரும் வாய்க்காலின் நடுவில் நம் வயல். அங்கே பெட்டியைக் கொண்டுவந்தவர் கும்பகோணம் பக்கத்துத் தம்பி ஒருவர், ஆராய்ச்சி மாணவர். நெல் வயலில் தண்ணீர் நின்றால் சேற்றுக்குள்ளிருந்து ஒரு வாயு வரும், அது பூமியைச் சூடாக்கும் என்றார். சேற்றில் கால் வைத்தால் குமிழி வருமே, அதுதான். பெரிய நாடுகள் எல்லாம் சேர்ந்து, ஒவ்வொரு நாடும் தன் புகையையும் வாயுவையும் ஒளிவுமறைவில்லாமல் கணக்குச் சொல்ல வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறார்களாம். நம்மைப் போன்ற நாடுகளிடம் அளக்கக் கருவி இல்லை, பழகிய ஆள் இல்லை. அதற்கு வெளியிலிருந்து ஒரு நிதி வந்திருக்கிறது என்றார்.

"நம்ம வயலை நாம அளந்து சொல்லலேன்னா, வேற எங்கயோ அளந்ததை வச்சு நம்ம பேர்ல எழுதிடுவாங்க அண்ணே."

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் வயலைக் கொடுத்தேன். பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் அடுத்தவன் வயலை வைத்து என் வயலைப் பற்றி எழுதினால் கோபம் வரும் அளவுக்குப் புத்தி உண்டு.

வரப்பில் போகிறவர்களுக்கு எல்லாம் அந்தப் பெட்டி ஒரு வேடிக்கை. பக்கத்து வயல்காரர் தினமும் நின்று பார்ப்பார்.

"என்னவே, ஒம்ம வயலு குசு விடுதாம்ல? அதை டப்பாவுல அடைச்சி அனுப்புதாவளாமே?"

"ஒம்ம வயலும்தான் விடுது. ஒமக்கு மூக்கு அடைச்சிருக்கு."

"சிரிக்காதீரும் வே. இன்னைக்கு அளப்பாவ, நாளைக்கு வரி போடுவாவ."

"இதுக்கு வரி போட்டா மொதல்ல ஒமக்குல்லா போடணும்."

அப்படிச் சிரித்தாலும், வரி வரும் என்று பாதி ஊர் நம்பியது. என்னோடு பேசுவதையே சிலர் குறைத்துக்கொண்டார்கள்.

வேலை என்னவோ எளிதுதான். சேற்றில் ஒரு தகரச் சட்டம் பதித்திருக்கும். அதன் விளிம்பில் ஒரு பள்ளம். நாலைந்து நெல் தூரை உள்ளே விட்டுப் பெட்டியைக் கவிழ்த்து, பள்ளத்தில் தண்ணீர் ஊற்றினால் காற்று வெளியே போகாது. ஊசி போடும் குழாயால் உள்ளே இருக்கும் காற்றை இழுத்துச் சின்னக் குப்பியில் அடைப்பார் தம்பி. காலால் சேற்றை மிதித்தால் குமிழி கிளம்பி அளவு கெட்டுவிடும் என்று பலகை போட்டிருந்தோம். அந்தப் பலகையில் யாரும் ஏறாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

ஆடியில் களை எடுத்து முடித்து, தண்ணீரை வடித்து வயலைக் காயப் போட்டோம். நம் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதானே. மண்ணில் மயிரிழை போல வெடிப்பு விட்ட பிறகு மேலுரம் போட்டு, அப்புறம் தண்ணீர் கட்டினால்தான் தூர் பிடிக்கும். அந்த நேரம் பார்த்து ஜீப்பில் திட்டத்தின் பெரிய அதிகாரி வந்து இறங்கினார். வயலைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"என்னய்யா, தண்ணியே இல்ல? திட்டத்துல தண்ணி நிக்கிற வயல்னுதானே குறிச்சிருக்கு?"

தம்பி மெதுவாக, "காயப் போட்டிருக்காங்க சார். இதையும் அளந்தாத்தான் சரியா வரும்" என்றார்.

காய்கிற வயலில் வாயு குறையும் என்பது அந்தத் தம்பிக்கும் தெரியும், அதிகாரிக்கும் நன்றாகவே தெரியும். தெரியாதவர்கள் யாரும் அங்கே நிற்கவில்லை. அவருக்கு வேண்டியது, ஏற்கெனவே எடுத்த அளவுகளோடு ஒட்டிப் போகிற இன்னொரு அளவு. நிதி கொடுத்த இடத்துக்கு அறிக்கை உடனே போயாக வேண்டுமாம்.

"மடையைத் திறந்து விடுப்பா. கொஞ்சம் தண்ணி நிக்கட்டும். எடுத்துட்டுப் போயிடுறோம்."

"இன்னைக்குத் தண்ணி முறை கடைமடைக்காரங்களுக்கு ஐயா" என்றேன். வாய்க்கால் முடிகிற இடத்தில் இருப்பவர்கள். அவர்கள் பயிர் அப்போது சுருண்டு நின்றது. நம் மடையைத் திறந்தால் அவர்கள் வாயிலிருந்து பிடுங்குவது போல.

"ஒரு வயலுக்கு விட்டா குறைஞ்சு போயிடுமா?"

"எங்க முறையா இருந்தாலும் இன்னைக்கு விட மாட்டேன் ஐயா. இன்னைக்கு என் வயலு காஞ்சுதான் கெடக்கு. கெடக்கிறதை அளங்க."

அவர் குரல் ஏறியது. "யார் பணத்துல இது நடக்குதுன்னு தெரியுமா உனக்கு?"

உங்கள் அம்மா அதுவரை வரப்பில் உட்கார்ந்து களைக்கொத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய் மடைப் பலகையின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"போட்டா புடிக்க வந்தவிய மாதிரில்லா வந்திய. இந்த மூஞ்சி வேண்டாம், வேற மூஞ்சியக் கொண்டாங்கன்னா நாங்க எங்க போவோம் ஐயா?"

தம்பி சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அதிகாரி அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, தரையில் ஈரம் இல்லாமல் பெட்டி எப்படி ஒட்டும் என்று கேட்டார். "பள்ளத்துக்குத்தான தண்ணி வேணும்?" என்று நான் குடிக்க வைத்திருந்த குடத்தை எடுத்து நீட்டினேன். தம்பி அவரிடம் கேட்கவே இல்லை. குடத்தை வாங்கிப் பள்ளத்தில் ஊற்றினார், பெட்டியைக் கவிழ்த்தார், குழாயை இழுத்தார். மலையிலிருந்து வந்த ஆடிக் காற்று பெட்டியை ஆட்டியது. நான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதிகாரி போய் ஜீப்பில் ஏறிக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜீப்பில் இருந்தபடியே குப்பிகளை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது அதிகாரி சொன்னார். "அடுத்த போகத்துக்கு உன் வயல் வேண்டாம்."

"வேண்டாம்னா பெட்டியை எடுத்துக்கோங்க. இன்னைக்கு எடுத்ததைச் சேத்து எழுதுங்க."

அடுத்த போகமான பிசானத்துக்குப் பெட்டி வரவில்லை. எனக்கு வந்துகொண்டிருந்த காவல் கூலியும் நின்றது. போகட்டும்.

ஆனால் நான் விடவில்லை. காய்ந்த வயலில் எடுத்த அந்த அளவைச் சேர்த்தார்களா, தூக்கி எறிந்தார்களா என்று கேட்டு, திருநெல்வேலியில் அவர்கள் அலுவலகப் படியை எத்தனையோ தடவை ஏறி இறங்கிவிட்டேன். அறிக்கை இங்கிலீஷில் இருக்கிறது, உமக்கு எதற்கு என்கிறார்கள். ஒளிவுமறைவில்லாமல் உலகத்துக்குச் சொல்லத்தானே அந்தப் பணம் வந்தது? அளந்தது என் வயலில். எனக்குச் சொல்ல முடியாததை உலகத்துக்கு என்ன சொல்லியிருப்பார்கள்?

நீங்கள் இங்கிலீஷ் படிக்கிறீர்கள். என் உயிர் இருக்கிற வரைக்கும் நானே அந்தப் படி ஏறுவேன். அப்புறம் நீங்கள் போய், அந்த அறிக்கையை எடுத்து மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள். நம் வயல் அன்றைக்குக் காய்ந்து கிடந்தது என்று அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேட்காமல் படி இறங்காதீர்கள்.