ஆதியம்மாளின் மூக்கு

சதுரங்கப்பட்டினத்துக்கு வடக்கே உள்ள குப்பத்தில் ஆதியம்மாளுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. அருவருப்பு ஆதி. மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்து, பன்னிரண்டு வயதில் கூடையைத் தலையில் ஏற்றி, மீன்பிடிக்கிறவனுக்கே வாழ்க்கைப்பட்ட ஒருத்திக்கு இப்படி ஒரு மூக்கை ஆண்டவன் எதற்கு வைத்தான் என்று அவள் புருஷன் நீலமேகம் கேட்காத நாள் கிடையாது. டீக்கடைத் தம்ளரில் அவள் வாய் வைக்க மாட்டாள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரன் உறிஞ்சிச் சாப்பிட்டால் பாதியிலேயே எழுந்துவிடுவாள். எச்சில் தொட்டு நோட்டு எண்ணுகிற வியாபாரியைக் கண்டால் அவளுக்குக் குமட்டும்.

மீன் விற்ற காலத்தில் அவள் பட்டது கொஞ்சநஞ்சமில்லை. பழைய மீனைப் புதுசாகக் காட்ட மற்ற பெண்கள் மண்ணை அள்ளிப் பூசுவார்கள், குட்டைத் தண்ணீரைத் தெளிப்பார்கள். ஆதி கடல் தண்ணீரில் மூன்று தரம் அலசி, கெட்டதைத் தன் கையாலேயே பூனைக்குப் போட்டுவிட்டுத்தான் கூடையைத் தூக்குவாள். காலையில் ஒரு குளியல், கூடையை இறக்கியதும் ஒரு குளியல். அப்படியும் பஸ்ஸில் கண்டக்டர் அவளைப் படிக்கட்டோரம் நிற்க வைப்பான். உட்கார்ந்திருக்கிறவர்கள் கைக்குட்டையை எடுப்பார்கள். அந்தக் கைக்குட்டைகள் எத்தனை நாளாகத் துவைக்காதவை என்பது ஆதியின் மூக்குக்குத் தெரியும். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

முப்பத்தைந்து வயதில் கூடையைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சிப்பி வேலைக்கு வந்தாள். அதற்கும் காரணம் அருவருப்புதான். மாமல்லபுரத்துக் கடைகளில் வெளியூர்க்காரர்களுக்கு விற்கிற சிப்பிப் பொம்மைகளை ஒருநாள் கையில் எடுத்துப் பார்த்தாள். மைதாப் பசையில் ஒட்டி, கரப்பான் அரித்து, சங்குக்குள்ளே சதை அப்படியே காய்ந்து கிடந்தது. இந்தக் கண்றாவியைக் காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைப்பார்களா என்று அங்கேயே காறித் துப்பினாள். கடைக்காரன் சண்டைக்கு வந்தான். வீட்டுக்கு வந்த பிறகும் அவளுக்கு மனசு ஆறவில்லை. அடுத்த வாரமே தானே பொம்மை செய்ய உட்கார்ந்துவிட்டாள்.

அவள் வேலைக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. கரையில் பொறுக்கியதை வீட்டுக்குப் பின்னால் மணலில் குழி தோண்டிப் புதைப்பாள். நாற்பது நாள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டாள். எறும்பும் புழுவும் உள்ளே இருக்கிறதைத் தின்று தீர்த்துவிடும். தோண்டி எடுத்து, சாம்பல் தண்ணீரில் கொதிக்க வைத்து, வெயிலில் காயப்போட்டு, கடைசியாக ஒவ்வொன்றையும் மூக்கருகே கொண்டுபோவாள். மூக்கு சரி என்றால்தான் கூடைக்குள் போகும், இல்லாவிட்டால் மறுபடி குழிக்குத்தான். பொங்கலுக்கு வாசல் தோரணம், பிள்ளையார் சதுர்த்திக்குக் குடை ஓரத்தில் சிப்பிக் குஞ்சம், கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் என்று பண்டிகைக்குப் பண்டிகை அவள் கையிலிருந்து ஏதாவது வந்துகொண்டே இருந்தது. கடற்கரைக் கோயில் போகிற வழியில் கோணி விரித்து விற்பாள். அவள் பொம்மையில் வாடை வந்தது என்று ஒரு ஆள் சொன்னது கிடையாது.

எழுபத்தாறாம் வருஷம் ஆனி மாதத்தில் அந்தக் கோணிக்கு முன்னால் வந்து நின்றவள் வசுமதி. கல்பாக்கம் டவுன்ஷிப்பில் பெரிய வேலை பார்க்கிற சதாசிவத்தின் மனைவி. நவராத்திரிக்குக் கொலு வைப்பாளாம். படிக்குக் கீழே மணல் கொட்டிக் கடற்கரை மாதிரி செய்து, நடுவில் கடற்கரைக் கோயிலைச் சிப்பியாலேயே கட்டி வைக்க வேண்டுமாம். ரெண்டடி உயரம். டவுன்ஷிப்பே வந்து பார்க்கணும் என்றாள். ஆதி தலையாட்டினாள். வசுமதி கிளம்பும்போது ஒன்று சொன்னாள். அவள் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போனாள், ஆதிக்கு அது நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

"கொலுவுக்கு நீ கட்டாயம் வரணும் ஆதி. செஞ்ச கை உன்னுது. மொதல் வெத்தலை பாக்கு உனக்குத்தான்."

நாற்பத்திரண்டு வயதுக்குள் ஆதி பார்க்காத வீடு இல்லை. திருக்கழுக்குன்றம் வரைக்கும் நடந்து விற்றிருக்கிறாள். ஆனால் எல்லாமே கொல்லைப்புறங்கள். துவைக்கிற கல், சாக்கடை, சாம்பல் குவியல், அதோடு சரி. ஒரு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, சுமங்கலி என்று குங்குமம் நீட்ட வாங்கிக்கொண்டது கிடையாது. இது ஒரு பெரிய ஆசையா என்று கேட்டால், அவளுக்குப் பெரிய ஆசைதான். மூன்று மாதம் வேலம்பிசினில் சுண்ணாம்பு குழைத்து, அரிசி மணி அளவுச் சிப்பிகளை ஒட்டி ஒட்டிக் கோபுரம் எழுப்பினாள். நீலமேகம் கிண்டல் செய்தான். நிஜக் கோயில் கட்டினவன்கூட இவ்வளவு முகர்ந்து பார்த்திருக்க மாட்டான் என்றான்.

அமாவாசை அன்று கோயிலைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, வசுமதி வீட்டு வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது. சதாசிவம் விடியற்காலையில் கடற்கரையில் நடந்தபோது பொறுக்கி வந்த சங்குகள். பளபளவென்று இருந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் மூடி இறுக மூடியிருந்தது. கோயிலைச் சுற்றி மணலில் பதிக்கப்போவதாக வசுமதி பெருமையாகச் சொன்னாள். ஆதி வாளியை விட்டு ஓரடி பின்வாங்கினாள்.

"அது உசுரோட கீதும்மா. மணல்ல பொதைச்சி நாப்பது நாளு போவணும். இப்ப வெச்சா நாறிப்பூடும்" என்றாள்.

வசுமதி சிரித்தாள். டெட்டால் போட்டு ரெண்டு தரம் கழுவியாச்சு, அதுக்கு மேல என்ன சுத்தம் என்றாள். டெட்டால் குடித்துச் செத்த நத்தை நாறாது என்று எந்தப் புஸ்தகத்தில் படித்தாளோ. முட்டைகூட நுழையாத வீடு அது. ஆதி இன்னொரு தரம் சொன்னாள். வசுமதிக்கு முகம் சுருங்கிவிட்டது. கலசம் வைக்க நேரமாகிறது, வைத்துவிட்டால் விஜயதசமி வரைக்கும் எதையும் அசைக்கக் கூடாது, நீ செவ்வாய்க்கிழமை வா என்று அனுப்பிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை ஐந்தாம் நாள். ஆதி சீயக்காய் தேய்த்துத் தலைமுழுகினாள், மஞ்சள் பூசினாள், பொங்கலுக்கு எடுத்துக் கட்டாமல் வைத்திருந்த பச்சைக் கைத்தறிச் சேலையைப் பிரித்தாள். ரெண்டு முழம் மல்லி வாங்கி வைத்துக்கொண்டாள்.

"இன்னாமே, பொண்ணு பாக்க வராங்களா?" என்றான் நீலமேகம்.

"மொதோ வெத்தல எனுக்குத்தான்யா. வாய மூடிகினு கஞ்சியக் குடி" என்றாள்.

வெயில் தாழ டவுன்ஷிப்புக்குப் போய்ச் சேர்ந்தாள். வாசலில் பெரிய கோலம். உள்ளே யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். செருப்பை விட்டுவிட்டுப் படியில் கால் வைக்கும்போதே வசுமதி வேகமாக வெளியே வந்தாள். முகம் வியர்த்திருந்தது. பின்பக்கமா வா ஆதி, உள்ளே கூட்டமா இருக்கு என்றாள் மெதுவாக. ஆதிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சுற்றிக்கொண்டு போனாள். கூடை தூக்கின காலத்துப் பழக்கம், கால் தானாகப் போயிற்று.

கொல்லைக் கதவு திறந்திருந்தது. ஊதுபத்தி, சாம்பிராணி, பவுடர், சுண்டல் தாளிப்பு எல்லாம் கலந்து வந்தது. அத்தனைக்கும் அடியில் இன்னொன்று வந்தது. ஆதி மூக்கைக் கூட இழுக்கவில்லை, அதுவாக வந்து குடலைப் பிடுங்கியது. செத்து ஐந்து நாளான சங்குச் சதை. கூடத்தில் பாட்டு நின்றது. இது என்ன வாடை, மீன்காரி யாராவது வந்திருக்காளா என்று ஒருத்தி கேட்பது காதில் விழுந்தது. வசுமதி பதில் சொன்னாள். அது அந்தச் சிப்பிக் கோயில்தான் மாமி, குப்பத்து ஜனங்க கை பட்ட சாமான், எத்தனை கழுவினாலும் போகாது, பாவம் ஏழையாச்சேன்னு வாங்கினேன், இப்ப அசைக்கவும் முடியலை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்றும் கேட்டிருக்கிறாள். ஆனால் அவளை உலுக்கியது அந்த ஏழை என்கிற வார்த்தைகூட இல்லை. மூன்று மாதம் ஒவ்வொன்றாக முகர்ந்து கட்டினது நாறுகிறது என்றாளே, அதுதான். அந்த நாற்றத்தைவிட அந்தப் பொய்தான் ஆதிக்கு அதிகம் குமட்டியது.

சமையலறை வழியாக வசுமதி ஒரு எவர்சில்வர் தட்டோடு வந்தாள். முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டிருந்தாள். தட்டில் ரெண்டு வெற்றிலை, பாக்கு, ஒரு தேங்காய். அதைக் கையில் கொடுக்கவில்லை. துவைக்கிற கல்லின்மேல் வைத்துவிட்டு, எடுத்துக்கோ ஆதி, இன்னொரு நாள் பார்க்கலாம் என்றாள். கல்லில் காலையில் துவைத்த சோப்பு நுரை அப்படியே காய்ந்திருந்தது.

"குங்குமம் எங்கம்மா?" என்று கேட்டாள் ஆதி.

வசுமதி திரும்பி உள்ளே போகப் பார்த்தாள். ஆதி தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, அவளைத் தாண்டி, அடுப்பங்கரைக்குள் நுழைந்து கூடத்துக்குப் போய்விட்டாள்.

கொலு ஒன்பது படி. உச்சியில் கலசம். விரிப்பில் உட்கார்ந்திருந்த பெண்கள் காலை இழுத்துக்கொண்டார்கள். கீழே மணல் கடற்கரையில் அவள் கோயில் நின்றுகொண்டிருந்தது, ஒரு சிப்பிகூட உதிரவில்லை. ஆதி குனிந்து அதன் கோபுரத்தை முகர்ந்தாள். சுண்ணாம்பு வாடைதான். பிறகு மணலில் பதித்திருந்த ஒரு சங்கைப் பிடுங்கினாள். மூடி கழன்று தொங்கியது. உள்ளேயிருந்து கருப்பாகக் கூழ் மாதிரி வழிந்து அவள் விரலில் இறங்கியது. ஒரு புழு நெளிந்தது. முன்வரிசையில் இருந்த மாமி வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

"நாறுறது இது. நான் கட்னது இல்ல. வேணுன்னா வந்து மோந்து பாருங்க" என்றாள் ஆதி. குரலை உயர்த்தவில்லை.

ஒருத்தரும் வரவில்லை. எல்லோரும் வசுமதியைப் பார்த்தார்கள். அவளுக்கு முகத்தில் ஈயாடவில்லை. அதையெல்லாம் எடுத்து வெளியில போட்டுடேன் ஆதி என்றாள். விஜயதசமி வரைக்கும் அசைக்கக் கூடாதே என்று அங்கே இருந்த ஒருத்திக்கும் ஞாபகம் வரவில்லை. வசுமதி கையால் எடுத்தால்தான் தோஷம், ஆதி கையால் எடுத்தால் தோஷமில்லை போலிருக்கிறது.

ஆதி எடுத்தாள். வசுமதிக்காக எடுக்கவில்லை. அம்மனுக்கு முன்னால் பிணத்தைப் பரப்பி வைத்திருக்கிறார்களே என்று அவளுக்கே பொறுக்கவில்லை. மணலைக் கிளறிப் பத்தொன்பது சங்கையும் பொறுக்கி, கையிலிருந்த தட்டிலேயே வெற்றிலைக்கு மேல் போட்டாள். டீக்கடைத் தம்ளரைத் தொடாத அருவருப்பு ஆதிக்கு விரலிடுக்கில் எல்லாம் கரும் கூழ். தட்டைக் கொண்டுவந்து வசுமதி கையில் கொடுத்தாள். வசுமதி வாங்கிக்கொண்டாள், வேறு வழியில்லை. ஒரு கையால் தட்டைப் பிடித்து, மறு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கலசத்துக்குக் கீழ்ப்படியில் வெள்ளிக் குங்குமச் சிமிழ் இருந்தது. வருகிறவர்களுக்குக் கொடுக்க வசுமதி நிறைய நிரப்பி வைத்திருந்தாள். கொடுப்பார்கள் என்று ஆதி இனிக் காத்திருக்கவில்லை. அந்த ஈர விரலைச் சிமிழுக்குள் அடிவரை விட்டாள். நெற்றியில் வைத்தாள், வகிட்டில் வைத்தாள், தாலியை எடுத்து அதிலும் வைத்தாள். அம்மனைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, வாசல் வழியாக வெளியே போனாள். போகிற வழியில் ரோட்டோரக் குழாயில் மண் போட்டு மூன்று தரம் கை கழுவினாள்.

அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கிற ஞானம்மாள் ரெண்டு நாள் கழித்துக் குப்பத்துக்கு வந்தபோது சொன்னாள், சேதி டவுன்ஷிப் பூராவும் பரவி, அதற்கப்புறம் வந்தவர்கள் ஒருத்தரும் வசுமதி நீட்டின குங்குமத்தைத் தொடவில்லையாம்.