சொல்லப் பயந்த மாலுமி

மலேசியாவில், ஜெலாப்பாங் தொழிற்சாலை ஒன்றில் நான் சூப்பர்வைசர். ஒரு நாள் காலை என் ஊரான சுங்கை சிப்புட்டிலிருந்து வேலைக்குப் பஸ்ஸில் போகும்போது ஒரு கடல் நாவல் படித்தேன். போர்க்கப்பலில் தண்ணீர் கசிவதைப் பார்த்த மாலுமி, கேப்டனின் சவுக்கடிக்குப் பயந்து சொல்லாமலே இருந்துவிடுகிறான். அந்தக் கேப்டன்மீது எனக்கு அப்படியொரு கோபம்.

அன்றே நான் அருகில் நின்ற ஓர் இயந்திரத்தின் பாதுகாப்பு மூடி கழன்று, என் சட்டைக் கை உள்ளே இழுபட்டது. அதில் வேலை செய்யும் செல்வி பாய்ந்து சுவிட்சை அணைத்ததால் கை தப்பியது.

“மூடி லூசா இருந்தது தெரியாதா?” என்று கேட்டேன்.

“மூணு நாளா தெரியும் அண்ணே. போன வாரம் நான் மெஷினை நிறுத்துனதுக்கு எல்லாரு முன்னாலயும் ஏசுனீங்க. அதான் சொல்லல.”

அந்தக் கேப்டனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? செல்வியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது வேலை தொடங்குமுன் எது சரியில்லை என்று நானே ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன். முதல் சில நாள் யாரும் வாய் திறக்கவில்லை. நேற்றுதான் செல்வி, “பெல்ட் சரியில்லண்ணே, நிறுத்திட்டேன்” என்றார்.