எலிக்கு வாங்கிய சேவு

விருதுநகரில் நான் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் பேராசிரியர் பன்னிரண்டு வெள்ளை எலிக்குஞ்சுகளை என்னிடமும் என் அறைத்தோழனிடமும் ஒப்படைத்தார். அறுபதுகளின் தொடக்கம் அது. மதுரையிலிருந்து பஸ்ஸில், கூடையை மடியில் வைத்துக்கொண்டு அவரே கொண்டுவந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தவர் கோழிக்குஞ்சு என்று நினைத்து விலை கேட்டாராம்.

"வளர்ற வயசுல என்னத்தத் திங்கிறமோ, அதுதாம்லே பின்னால தொந்தியாவும் பயமாவும் வந்து நிக்கும்னு எனக்கு ஒரு சந்தேகம். எலிய வச்சுப் பாத்துருவோம்" என்றார்.

ஒரு கூண்டில் ஆறு எலிகள். அவற்றுக்குக் கம்பும் கடலையும். இன்னொரு கூண்டிலிருந்த ஆறுக்கும் சாத்தூர் சேவும் சீனி மிட்டாயும். ஒன்றரை மாதம் இப்படி வளர்த்து, வாரம் ஒருமுறை எடை பார்த்து நோட்டில் எழுத வேண்டும். கடைசியில் பயத்தை அளக்க அகலமான ஒரு மரப்பெட்டி. பயந்த எலி சுவரை ஒட்டியே ஓடும், தைரியமான எலி நடுவுக்கு வரும் என்று பேராசிரியர் விளக்கினார்.

சேவுப் பொட்டலம் எங்கள் பொறுப்பில் இருந்தது. விடுதிச் சாம்பாரில் பருப்பைத் தேடித் தேடிக் களைத்தவர்கள் நாங்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் தோழன் கூண்டுக்கு முன்னால் குத்தவைத்து வெகுநேரம் யோசித்தான்.

"இத்துனூண்டு வயித்துக்கு இம்புட்டுச் சேவு செரிக்குமாலே? பாவம்லே."

"அதுக்கு?"

"நாம கொஞ்சம் பங்கு எடுத்துக்கிடுவோம்."

முதலில் பாதி எடுத்தோம். இரண்டாம் வாரத்தில் எலிகளுக்கு வாசனை மட்டும் மிஞ்சியது. அதற்காக அவற்றைப் பட்டினி போடவில்லை. அடுத்த கூண்டுக் கம்பையும் கடலையையுமே அவற்றுக்கும் போட்டோம். நோட்டில் மட்டும் சேவு எலிகளின் எடையை வாரந்தோறும் தாராளமாக ஏற்றி எழுதினேன்.

ஒன்றரை மாதம் முடிந்ததும் நோட்டைப் புரட்டிப் பார்த்த பேராசிரியர் பூரித்துப்போய்த் துறைத்தலைவரையே அழைத்துவந்துவிட்டார். தராசில் வைத்தால் இரண்டு கூண்டு எலிகளும் கிட்டத்தட்ட ஒரே எடை. பெட்டியில் விட்டால் சேவு எலிகள் நேராக நடுவுக்கு நடந்தன. ஒன்று அங்கேயே உட்கார்ந்து முகம் கழுவியது.

"இதுல எது சேவு தின்ன எலி?" என்று துறைத்தலைவர் கேட்டார்.

பேராசிரியர் மறுபடி நோட்டை விரித்தார். பக்கமெல்லாம் எண்ணெய் விரல்தடம். இடுக்கிலிருந்து ஒரு துண்டு சேவு மேசையில் விழுந்தது.

அவர் திட்டவில்லை. எங்கள் இருவரையும் கடைத்தெருவில் மல்லி மூடை எடைபோடும் கிட்டங்கிக்கு நடத்திச் சென்று, தராசில் ஏறச் சொன்னார். கிட்டங்கிக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன சரக்கு சார் இது?"

"சேவு" என்றார் பேராசிரியர்.

விடுதியில் சேர்ந்தபோது இருந்ததைவிடத் தோழன் நாலு கிலோ கூடியிருந்தான், நான் மூன்று. அவர் குறித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் யாரோ ஒரு மூடையைத் தொப்பென்று போட்டார்கள். என் தோழன் பட்டாசு ஊரான விஸ்வநத்தத்துக்காரன், வெடிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவன். அவனே பாய்ந்து பேராசிரியரின் கையைப் பிடித்துக்கொண்டான். நான் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அதையும் அவர் எழுதிக்கொண்டார்.

"மன்னிச்சுக்கிடுங்க சார்" என்றேன்.

"எலிகிட்டக் கேளுலே."

பிறகு புதுக் குஞ்சுகள் வாங்கி முதலிலிருந்து தொடங்கினோம். இம்முறை கூடை எங்கள் மடியில் வந்தது. சேவை ஜாடிகளில் ஊறும் பாம்புகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினார் பேராசிரியர். எங்களுக்கு ஆசை விட்டுப்போனது, எலிகளுக்குப் போகவில்லை. ஒன்றரை மாதத்தில் அவை உருண்டு திரண்டன. பெட்டியில் விட்டதும் சுவரோடு ஒட்டிக்கொண்டு மூலைக்கு மூலை ஓடின. கம்பு தின்றவை நடுவில் உலாவின.

பேராசிரியர் சிரித்தார். எனக்குச் சேவு தின்ற அந்த ஆறையும் பார்க்கப் பாவமாக இருந்தது.

"இனிமே கம்பு போட்டா இதுகளுக்குத் தைரியம் வருமா சார்?" என்று தோழன் கேட்டான்.

"தெரியலயேலே. போட்டுப் பாரு."

ஒரு மாதம் போட்டோம். எடை இறங்கியது. பெட்டியில் விட்டபோது ஆறில் ஒன்று மட்டும் சுவரை விட்டு நடுவுக்கு வந்து, எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடியது.