எம்எல்ஏ இன்று பெயிண்ட் கலக்கினார்

கேளம்பாக்கத்தில் நான் வேலை பார்க்கும் பெயிண்ட் கடையின் முதலாளி, எம்எல்ஏ ஆனதிலிருந்து கடைப்பக்கம் வந்ததில்லை. இன்று காலை கார் இல்லாமல், நடந்தே வந்து கல்லாவில் உட்கார்ந்தார்.

அவரை யாரென்று தெரியாத ஒரு அம்மா கேட்டார். "அண்ணாத்த, வூட்டுக்கு அடிக்க கடல் கலர் கீதா?"

"எந்த நேரத்துக் கடல்மா? காலைல ஒரு கலரு, சாயங்காலம் வேற கலரு கீதே!"

சிரித்துக்கொண்டே அவரே கலக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து வருஷக்கணக்கு ஆகிறது. அவர் இல்லாத கடை எங்களுக்குக் கடையாகவே இல்லை.

பின்னாலேயே கார் வந்துவிட்டது. "தலைவரே, மீட்டிங்குக்கு லேட்டாவுது" என்றார் உதவியாளர்.

கையிலிருந்த நீலத்தைத் துடைக்காமல் எழுந்தவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "மீதிய நீ கலக்காத. நாளைக்கு நானே வர்றேன்."

"நாளைக்கு எத்தினி மணிக்கு வர்றது?" என்று அந்த அம்மா என்னைக் கேட்கிறார்.

நீங்களே சொல்லுங்கள், நான் என்ன சொல்ல?