கிரேனக்கா இறங்கக் கேட்டது

துறைமுகத்தில் எல்லோருக்கும் அவள் கிரேனக்காதான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. கப்பலிலிருந்து கன்டெய்னர்களைத் தூக்கிக் கரையில் இறக்கும் பெரிய கிரேனை அங்கே ஓட்டிய முதல் பெண் அவள். அதற்கு முன் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பெண்ணையும் மேலே ஏற்றிப் பார்க்கலாம் என்று நிர்வாகத்துக்கு ஆசை வந்தபோது, "நான் ஏறறேன்" என்று முன்னால் வந்து நின்றாள். யாரும் பிடித்துத் தள்ளவில்லை. அதனாலேயே பிற்பாடு யார்மேல் பழி போடுவதென்றும் அவளுக்குத் தெரியவில்லை.

கிரேனின் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. தரையும் கண்ணாடி. முழங்கால்களுக்கு நடுவே குனிந்து, கீழே தீப்பெட்டி மாதிரித் தெரியும் லாரியின்மேல் கன்டெய்னரைப் பூப்போல வைக்க வேண்டும். முதல் வருடம் இறக்கை முளைத்த மாதிரிதான் இருந்தது. போகப் போகக் கழுத்து மரத்துப்போனது. வீட்டில் பின்னாலிருந்து கூப்பிட்டால் தலை திரும்பாது. ஆளே முழுசாகத் திரும்புவாள். "வேலைய மாத்துங்க, இல்லன்னா இது ஒருநாள் கையையும் இழுத்துடும்" என்றார் டாக்டர்.

கீழே கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து செய்கிற வேலை இருந்தது. கழுத்து வலிக்கிறது என்று ஆண் ஓட்டுநர்கள் இரண்டு பேர் அங்கே மாறியிருந்தார்கள். அவர்கள் படம் நிறுவன வாசலில் ஆளுயரத்துக்கு மாட்டப்படவில்லை. இவள் படம் மாட்டியிருந்தது. ஹெச்ஆர் மேடத்திடம் போய் அவள் கேட்கும்போதெல்லாம் முதலில் டீ வரும், பிறகு அதே பதில் வரும்.

"நீங்க இறங்கிட்டா, பொம்பளைங்களால முடியாதுன்னு நாளைக்கே சொல்லிடுவாங்க அக்கா. கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

புலி வாலைப் பிடித்தவள் பொறுத்துக்கொள்ளாமல் என்ன செய்வாள்?

இப்படியிருக்கும்போதுதான் பள்ளி மாணவிகளுக்கு ஒரு தலைமைப் பண்பு மாநாடு வந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாள், ஒரு கல்லூரி அரங்கில். ஒரு நீதிபதி, ஒரு விமானி, ஒரு மருத்துவர் என்று சாதித்த பெண்களை வழிகாட்டிகளாக அழைத்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வட்ட மேசை, சுற்றிலும் பிள்ளைகள். நிறுவனத்தின் சார்பில் கிரேனக்கா. புதுச் சீருடை, தலையில் ஹெல்மெட். அரங்கத்துக்குள் ஹெல்மெட் எதற்கு என்று கேட்க நினைத்தாள், கேட்கவில்லை.

சனிக்கிழமை வழக்கமான கதையைச் சொன்னாள். பயந்தது, ஏறியது, வென்றது. பிள்ளைகள் கண்கொட்டாமல் கேட்டார்கள். சுருட்டை முடிக்காரப் பெண் ஒருத்தி மட்டும் கையைத் தூக்கினாள்.

"அக்கா, மேல இருக்கும்போது பாத்ரூம் வந்தா?"

மேசையே கொல்லென்று சிரித்தது. கிரேனக்காவும் சிரித்துவிட்டாள். இத்தனை மேடைகளில் ஒருத்தரும் இதைக் கேட்டதில்லை.

"தண்ணியே குடிக்க மாட்டேன்மா."

சிரிப்பு அடங்கிவிட்டது. அந்தப் பெண் விடவில்லை. "இந்த வேலை உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

"ஆரம்பத்துல ரொம்பப் பிடிச்சுது."

"இப்போ?"

கிரேனக்கா வாயைத் திறந்தாள். தோளில் ஒரு கை வந்து விழுந்தது. ஹெச்ஆர் மேடம், சிரித்த முகமாக, பக்கத்தில் போட்டோக்காரர்.

"இப்பவும் பிடிக்கும்" என்று சொல்லி மீதியை மென்று விழுங்கினாள்.

அன்று வீட்டில் புருஷனிடம் சொல்லிப் பார்த்தாள். நல்ல மனிதர், தையல்காரர். சமையல் பாதி அவர் கைதான். அவள் கழுத்துக்குத் தைலம் தேய்ப்பதும் அவர்தான். கடைக்கு வருகிறவர்களிடம் அளவு எடுப்பதற்கு முன் மனைவியின் படத்தைக் காட்டுவார்.

"எனக்குப் போதும்னு இருக்குங்க."

"ஒரு நாள் கூத்தா இது? ஊரே உன்னைப் பாக்குது. உனக்குக் கிடைச்ச பேர் யாருக்குக் கிடைக்கும், சொல்லு?" என்றார், தைலத்தைத் தேய்த்தபடி. கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை நிறைவு விழா. ஹெச்ஆர் மேடம் மைக்கைப் பிடித்தார். நிறுவனம் இரண்டு பெண்களைக் கிரேன் பயிற்சிக்கு எடுக்கப்போகிறது. பயிற்சி தரப்போவது நம் கிரேனக்காதான். இன்னும் பல வருடம் கிரேன் மேலேயே இருந்து இந்தப் பிள்ளைகளை உருவாக்குவார் என்றார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. அரங்கமே எழுந்து கைதட்டியது. கதவைச் சாத்துவதற்கு இவ்வளவு கைகள் தேவையா என்று அவளுக்குத் தோன்றியது.

மைக் அவள் கைக்கு வந்தது. கழுத்துக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன?

"எனக்கு முடியல" என்றாள். "நான் கீழ இறங்கணும். ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்கேன்."

குரல் உடைந்துவிட்டது. அதுதான் தப்பாகப் போயிற்று. தொகுத்து வழங்கிய பெண் ஓடிவந்து அணைத்துக்கொண்டாள். "அக்கா உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க! இவ்வளவு பெரிய மனுஷிக்கு இவ்வளவு அடக்கம்!" மறுபடியும் கைதட்டல், முன்னைவிடப் பலமாக. யாரோ தண்ணீர் கொடுத்து, கைத்தாங்கலாகப் படியிறக்கிவிட்டார்கள். இறங்க வேண்டும் என்றவளை மேடையிலிருந்து இறக்கிவிட்டாகிவிட்டது. அத்தோடு விஷயம் முடிந்தது.

வாசலில் சுருட்டைமுடி காத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்க நிஜமாத்தானே சொன்னீங்க?"

"நிஜமாத்தான்மா."

"எனக்குப் புரிஞ்சுது" என்றாள். அந்தப் பிள்ளை கிரேனக்காவின் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டுப் போய்விட்டது.

திங்கட்கிழமை கிரேனக்கா வழக்கம்போல மேலே ஏறினாள். மழைக்காலம் முடிவதற்குள் பயிற்சிக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி உயரத்தைப் பார்த்துத் தலைசுற்றி முதல் வாரமே நின்றுவிட்டாள். மற்றவள், ஒரு மீன் வியாபாரியின் மகள், கெட்டிக்காரி. நெம்புகோல் அவள் கை சொன்னபடி கேட்டது. ஒருநாள் கூண்டுக்குள், கப்பல் வரக் காத்திருந்த நேரத்தில், "எனக்கு நீங்க என்ன அக்கா சொல்வீங்க? மேடையில சொல்றது வேணாம்" என்றாள்.

"வேலையை நிரந்தரம் பண்ணும்போது, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கேளு. எப்ப இறங்கலாம்னு எழுதி வாங்கிக்கோ. ஏறின பிறகு கேட்டா டீதான் கிடைக்கும்."

அவள் அப்படியே போய்க் கேட்டாள். நிறுவனத்துக்கு அவள் அவசரமாகத் தேவைப்பட்டாள். மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தார்கள். ஐந்து வருடம் மேலே, பிறகு கட்டுப்பாட்டு அறை. துள்ளிக்கொண்டு கூண்டுக்கு ஏறி வந்து அந்தக் காகிதத்தைக் காட்டினாள். கிரேனக்கா அதை இரண்டு தடவை படித்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதோடு சேர்ந்து இன்னொன்றும் இருந்தது. அதற்குப் பொறாமை என்று பேர் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"பத்திரமா வெச்சுக்கோ" என்று திருப்பிக் கொடுத்தாள்.

கீழே லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. கிரேனக்கா குனிந்தாள்.